வேட்பாளர்

பெரியாஸ்பத்திரி, எக்ஸ்ரே அறை, இரவு ஒன்று இருபது.
ஆளில்லாத நேரம் நான்
வானத்தின் எக்ஸ்ரே பார்ப்பேன்.
செய்மதி ஒன்று நாளாந்தம் இறக்கும் எண்கள்,
ஆரும் எடுக்கலாம், காசில்லை.
டேட்டா மட்டும் என் போனிலிருந்து.

இருபத்திரண்டு வருடம் பூச்சியத்தை ஒட்டிக் கிடந்த கோடு
போன செவ்வாய் நிமிர்ந்தது.
புதன், நூறு மடங்கு.
வெள்ளியில் அதைவிடப் பிரகாசமாய் வானத்தில் ஒன்றே ஒன்று.

வெளியில் போய் அண்ணாந்தேன்.
பண்ணைப் பக்கம் மேகமில்லை.
ஒன்றும் தெரியவில்லை. தெரியாது.
காற்று ஒரு தடித்த ஈயக் கவசம்,
அதை உடுத்தபடி யாழ்ப்பாணம் தூங்குகிறது.

கருந்துளை என்று துணிந்து எழுதமாட்டார்கள்,
கருந்துளை வேட்பாளர் என்பார்கள்,
எடை போடும்வரை.
எடையும் நேரே போட முடியாது:
கூடச் சுற்றும் நட்சத்திரம்
எவ்வளவு தள்ளாடுகிறது என்று பார்க்கவேண்டும்.
(தெரியாமல் போனவரின் பாரத்தை
பக்கத்தில் இருப்பவர் நடக்கும் நடையில் அறிவது
இந்த ஊருக்குப் புதிதில்லை.)

ஒன்று ஐம்பதுக்கு பொலிக்காப் வந்தார்.
குருநகர், அறுபத்தொரு வயது, கடல்தொழில்.
வலத் தோள் இளநீர்க் குரும்பையாய் வீங்கி,
நெற்றி கொதித்தது.
“தொண்ணூறில கோட்டையடியில விழுந்த ஷெல், பிள்ளை.
முப்பத்தைஞ்சு வருசம் ஒரு சத்தமுமில்லை.”

படத்தில் எலும்புக்குப் பின்னால்
அரிசிமணி அளவில் ஒரு வெள்ளை.
சீட்டில் டொக்டர் முன்னமே எழுதியிருந்தார்:
அந்நியப் பொருள், பக்கத்தில் ஒரு கேள்விக்குறி.

வார்ட்டிலிருந்து தள்ளுவண்டி வரும்வரை
என் மற்றத் திரையைப் பார்த்துக் கேட்டார், அது ஆற்றை தோள் என்று.
சொன்னேன்.
“வேட்பாளரோ? இலெக்சனிலயோ நிக்குது?”
சிரித்தார். சிரித்த இடம் தோளில் இழுத்தது.

துணை நட்சத்திரத்திலிருந்து வாயு கசிந்துவரும், ஐயா.
நேரே விழாது. சுழன்று தட்டையாகி
வரிசையில் நிற்கும்,
சங்கக்கடையில் மண்ணெண்ணெய்க்கு நின்றோமே, அப்படி.
குளிர்ந்த வரிசை. ஒன்றோடொன்று அதிகம் உரசாது.
பின்னால் ஆட்கள் சேரச் சேர
எங்கோ ஒரு முழங்கை சூடேறும்,
சூடு வரம்பு தாண்டினால் அணுக்கள் பிளக்கும்,
பிளந்தால் பிசினாய் ஒட்டும்,
பிறகு முழு வரிசையும் ஒரேயடியாய் உள்ளே.
துளை வாய் திறப்பதில்லை.
வெளிச்சமெல்லாம் விழுகிறவற்றின் சத்தம்,
கடைசி வளைவுக்குக் கொஞ்சம் முன்னால்.

“சீழ் கட்டினமாதிரி,” என்றார்.
ஓம், என்றேன். பாடப்புத்தகத்தில் அப்படி இல்லை.

ஏறும்போது வன்கதிர்.
உச்சியில் மென்கதிருக்கு மாறும்.
இறங்கும்போது மீண்டும் வன்கதிர்தான்,
ஆனால் மாறும் இடம் வேறு, வெளிச்சம் குறைவு.
வரைபடத்தில் அது போன பாதையால் திரும்புவதில்லை.
ஏன் என்று இன்னும் சரியாகத் தெரியாதாம்.
கிளாலிக் கடலால் போய்
முகமாலை வீதியால் வந்தவள் நான்,
அந்த வளைவை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

விடிய சீழை எடுத்தார்கள்.
துண்டு நரம்போடு ஒட்டிக் கிடக்கிறது,
தொடவில்லை.
“கிடக்கட்டும்,” என்றாராம், “வாடகை கேக்காது.”

பத்து நாள் கழித்து கிளினிக் வரிசையில் கண்டேன்.
கை தூளியில், மற்றக் கையில்
ஈரம் காயாத பையில் விளைமீன், எனக்காம்.
கோடு அன்றைக்கு அரைவாசி இறங்கியிருந்தது.
இன்னும் சில மாதத்தில் பூச்சியத்தடிக்குப் போய்விடும்,
சரியாகப் பூச்சியத்துக்கல்ல.

“உங்கட ஆள் வெண்டதோ?”

செய்மதியின் கண்ணில்
ஒளித்துகள் ஒவ்வொன்றாக விழுந்துகொண்டிருக்கும், இப்போதும்.

எண்ணுகினம், ஐயா, என்றேன்.
இன்னும் எண்ணுகினம்.